சம்பளம் 20ஆம் திகதியோடு முடிகிறது: யாழ்ப்பாணத்து வீட்டுச் செலவு

12.01.2025, காலை (வாசகர் கேள்வி)

நானும் மனைவியும் இரண்டு பேரும் வேலை. மூன்று வயதில் ஒரு பெடியன். திருநெல்வேலியில் மேல்மாடி வாடகை வீடு. இரண்டு சம்பளமும் 20ஆம் திகதி வரும்போது கரைந்துவிடுகிறது, பிறகு கடனுக்கு எழுதுகிற கடைக் கொப்பிதான். சிக்கனத்துக்கு வழி கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: முருங்கை நடு, கோழி வளர், விறகில் சமை. வளவு இருக்கிறவைக்குத்தான் சிக்கனம். வாடகைக்கு இருக்கிறவனுக்குச் சம்பளம் கூடினால் ஒழிய வேறு வழி கிடையாது. மறுக்கிறவர் மறுக்கலாம்.

12.01.2025, இரவு

மறுக்கிறேன் தம்பி. இணுவிலில் எங்களுக்கு வளவு இருக்கிறது. இரண்டு தென்னை, ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை, வேலியோரம் கறிவேப்பிலை. இவ்வளவும் இருந்தும் மாதக் கடைசி கையைக் கடித்த காலம் எங்களுக்கும் இருந்தது. முருங்கை மரம் கரண்ட் பில் கட்டாது, பிள்ளையின் ரியூசன் காசு கட்டாது. வளவால் வருகிற மிச்சம் சாப்பாட்டோடு நின்றுவிடும். காசாகப் போகிற ஓட்டைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றை அடைக்க ஒரு பரப்புக் காணியும் தேவையில்லை.

நாளைக்குக் காலமை மீற்றரைப் பார்த்து இலக்கத்தை எழுதி வையுங்கள். மேல்மாடிக்குத் தனி மீற்றரா, வீட்டுக்காரரோடு சேர்ந்ததா? அதைச் சொன்னால் மிச்சத்தை எழுதுகிறேன்.

13.01.2025

தனி மீற்றர், போன மாதம் 71 யூனிட் என்று பதில் வந்திருக்கிறது. நல்ல இலக்கம் அது, கைக்கெட்டுகிற தூரம்.

வீட்டுக் கரண்டுக்கு 30, 60, 90, 120, 180 என்று படிகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். 60 என்ற படி மற்றப் படிகள் போன்றதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 60க்குள் நின்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்குக் கொஞ்சம் கூடின விலை. 60ஐத் தாண்டினால் அந்தக் குறைந்த விலை முழுதாகப் போய்விடும். முதலாவது யூனிட்டிலிருந்தே வேறு விலை போடுவார்கள், மாதாந்த நிலைக்கட்டணமும் ஏறும். 60 யூனிட் பில்லையும் 63 யூனிட் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது முதலாவதின் இரண்டு மடங்குக்குக் கிட்ட நிற்கும். மூன்று யூனிட்டுக்காக.

இன்னொன்று. மீற்றர் வாசிக்கிறவர் பிந்தி வந்தால் கூட வரும் என்று பயப்படத் தேவையில்லை. எத்தனை நாளுக்கான பில் என்று பார்த்து அதற்கேற்றபடிதான் படிகளைக் கணக்கிடுவார்கள். ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு நாள் கணக்காகப் பிடியுங்கள்: ஒரு நாளுக்கு 2 யூனிட்.

அந்த இரண்டு யூனிட்டுக்குள் என்னென்ன அடங்கும்? சின்னப் பிரிட்ஜ் நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். 50 வாட் விசிறி இரவு 10 மணித்தியாலம் ஓடினால் அரை யூனிட். 9 வாட் எல்ஈடி பல்ப் நாலு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 0.18. மிஞ்சுவது 0.3 அளவுதான். அதற்குள்தான் கேத்தல், அயன், ரைஸ் குக்கர் மூன்றும் சண்டை பிடிக்கும். ஒரு லீற்றர் தண்ணி கொதிக்க ஏறத்தாழப் பத்தில் ஒரு யூனிட். 1000 வாட் அயன் கால் மணித்தியாலம் சூடாகவே நின்றால் கால் யூனிட். உங்களுடைய 71இல் கூடின 11 இந்த மூன்றுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விசிறியில் கை வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளை நுளம்புக்கும் புழுக்கத்துக்கும் நடுவில் நித்திரை இல்லாமல் அழுதால் அடுத்த நாள் வேலைக்குப் போகிற இரண்டு பேருக்கும் அதுதான் பெரிய நட்டம்.

13.01.2025, சற்றுப் பிந்தி

கேத்தலைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. எங்கட தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி. கேத்தலின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாய்ச் சொரசொரவென்று ஒரு படை இருக்கும். நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாய்க் கழரும். அந்தப் படை தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணிக்குப் போகச் சுணங்கும், கேத்தலும் கெதியில் பழுதாகும். இரண்டு தேசிக்காயைப் பிழிந்து தண்ணியோடு கொதிக்க வைத்து ஒரு மணித்தியாலம் விட்டுக் கழுவினால் போய்விடும். காலமை ஒரே தரம் கொதிக்க வைத்து பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் வரும்.

19.01.2025

17ஆம் திகதியிலிருந்து கரண்ட் கட்டணம் சராசரியாக 20 வீதம் குறைந்திருக்கிறது. சந்தோசம்தான். ஆனால் குறைந்ததும் மனிதருக்குக் கை தளரும். அயனை நாளாந்தம் போடலாம் என்று தோன்றும்.

நான் செய்யச் சொல்வது இது: பில் குறைந்தால் அந்த வித்தியாசக் காசை அன்றைக்கே வேறு வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். சம்பளம் விழுகிற கணக்கில் விட்டால் அது மிச்சமாகாது, பாணாகவும் ரோல்ஸாகவும் போகும். எங்கள் வீட்டில் வருடக்கணக்காகச் சிக்கனம் பிடித்தும் ஒன்றும் சேராமல் இருந்ததற்கு இதுதான் காரணம். ஏடிஎம் அட்டை இல்லாத கணக்கு ஒன்றைத் திறந்த பிறகுதான் சேர்ந்தது. வரிசையில் நின்று எடுக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் நன்மை.

02.02.2025

தேங்காய். இதைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஒன்று 200 ரூபாயைத் தொட்டு நிற்கிறது.

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் தேங்காய் இல்லாத நேரமே இல்லை. காலமை இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும், மத்தியானம் பால் விட்ட கறி, இரவு புட்டுக்குத் தேங்காய்ப்பூ. அப்படியே நடத்தினால் ஒரு நாளைக்கு இரண்டு தேங்காய். ஒன்றாகக் குறைத்தாலே மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய். ஒரு முழு வருடம் கரண்டில் பிடிக்கிறதை இங்கே இரண்டு மாதத்துக்குள் பிடிக்கலாம்.

கறிக்குப் பால் விடுவதை நிறுத்துங்கள், சொதிக்கு மட்டும் விடுங்கள். கத்தரிக்காயைப் புளி விட்டு வைக்கலாம். கீரையைப் பால் இல்லாமல் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு மசிக்கலாம். மீனைப் பழப்புளியில் வைத்தால் அடுத்த நாளைக்கும் இருக்கும், பால் விட்ட கறி சித்திரை வெயிலில் பின்னேரமே பழுதாகிவிடும். சம்பலுக்கு அரைமூடித் தேங்காயும் தேவையில்லை. உள்ளியும் செத்தல் மிளகாயும் இடித்த சம்பல் பாணுக்கு நல்லாய் இருக்கும்.

திருவும்போது கவனிக்க வேண்டியது. எங்கள் மாமி திருவலையில் சிரட்டையைச் சுழற்றிச் சுழற்றி வெள்ளை மட்டும் விழும்படி திருவுவார், மண்ணிறத் தோல் தொடங்கினதும் நிறுத்துவார். அந்த வெள்ளைப் பூ புட்டுக்கு. பிறகு இன்னொரு பாத்திரத்தை வைத்து மிச்சத்தைத் தோலோடு திருவிப் பால் பிழிவதற்கு எடுப்பார். ஒரு தேங்காயில் இரண்டு வேலை முடியும். மிக்ஸியில் துண்டு துண்டாய்ப் போட்டு அடிக்கிற எங்களுக்கு இந்தப் பிரிப்பு வராது. திருவிய பூவைச் சின்னச் சின்னப் பையில் போட்டுப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தால் அரைமூடி காய்ந்து வீணாகிற கதை இல்லை.

03.02.2025

தென்னை இருக்கிற உங்களுக்கு என்ன கவலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏறிப் பிடுங்குகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், ஆள் கிடைப்பதும் கஷ்டம். குரங்கும் அணிலும் தின்றது போகத்தான் எங்களுக்கு. இருந்தாலும் எங்களுக்கு வாசிதான். அதை மறைக்கவில்லை.

16.02.2025

இப்போது விறகு. பெரியவர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறார், காஸ் வந்ததால்தான் யாழ்ப்பாணம் கெட்டது, பனையும் தென்னையும் விறகாய்க் காலடியில் கிடக்கக் காசு கொடுத்து நெருப்பு வாங்குகிறோம் என்கிறார்.

அவர் சொல்வதில் பாதிக்கு நான் சாட்சி. 2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது மாமியின் அறிவு. கொக்கரையும் பன்னாடையும் பற்ற வைக்க. கெதியாய்க் கொதிக்க வேண்டும் என்றால் சிரட்டை. நின்று எரிய வேண்டும் என்றால் பனை மட்டை. ஊமலை, கிழங்கு எடுத்த பனங்கொட்டையை, நெருப்பில் போட்டு மூடிவிட்டால் தணல் விடியும் வரை கிடக்கும், காலமை ஊதினால் பிடிக்கும். காவோலையைத் தனியாய்ப் போடாதே, குப்பென்று எரிந்து முடிந்துவிடும் என்பார். நான் அடுப்படியில் நின்று படித்த பாடம் அது.

சிலிண்டர் திரும்பக் கிடைத்த நாளே நான் காஸுக்கு மாறிவிட்டேன். மாமியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விறகில் சமைத்தால் சட்டியின் கரி தேய்க்க அரை மணித்தியாலம். புகையில் கண் எரிவு, இருமல். மழைக்கு முன் விறகை உள்ளே அடுக்க வேண்டும். இதெல்லாம் யாருடைய வேலை? சொல்லுகிற ஐயா செய்கிற வேலையா?

17.02.2025

நேற்று எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்னும் சொல்ல வேண்டும்.

சிக்கனம் என்று நாங்கள் பெருமையாய்ச் சொல்கிறதில் பெரும்பங்கு பெண்களின் நேரம். அந்த நேரத்துக்கு விலை போடாததால்தான் அது மலிவாய்த் தெரிகிறது. மாவை வீட்டில் இடித்தால் மிச்சம், தூளை வீட்டில் வறுத்தால் மிச்சம், உடுப்பைக் கையால் தோய்த்தால் மிச்சம் என்று பட்டியல் போடுகிறவர்கள் அந்த மிச்சத்தை எடுத்துத் தந்தவளின் இடுப்பைக் கேட்கட்டும்.

1990 ஆனியில் சண்டை தொடங்கிக் கரண்ட் போனபோது நான் சின்னப் பிள்ளை. பொருளாதாரத் தடைக் காலத்தை எல்லாரும் இப்போது இனிமையாய்க் கதைக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம், சைக்கிளின் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம், சவர்க்காரம் இல்லாதபோது பனங்காயைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோம். எல்லாம் உண்மை. பனங்காய்க் களியை உடுப்பிலிருந்து போக்க அம்மா எத்தனை வாளி தண்ணி அள்ளினார் என்பதும் உண்மை. அது எங்கள் விருப்பத்தில் வந்த சிக்கனம் இல்லை. வேறு வழி இல்லாமல் செய்தோம். அந்தக் கெட்டித்தனத்துக்குத் தலை வணங்குகிறேன், அந்த வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக இனி இங்கே யார் எந்த வழியைச் சொன்னாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். மாதத்துக்கு எவ்வளவு காசு மிஞ்சும்? அதற்கு யாருடைய எத்தனை மணித்தியாலம் போகும்? கரண்டும் தேங்காயும் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இரண்டாவது கேள்விக்கு அவற்றில் பதில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

23.02.2025

காயவைத்த பனங்கிழங்கின் மாவான ஒடியல் மா பற்றிக் கேட்ட பிள்ளைக்கு: இப்போது பனங்கிழங்குக் காலம், பாத்தி கிண்டுகிறார்கள், மலிவு. அவித்த கிழங்கு பிள்ளைகளுக்குப் பின்னேரத்துக்கு நல்ல சாப்பாடு, பிஸ்கட் பக்கற்றுக்குப் பதில் தாராளமாய்க் கொடுக்கலாம். நாரைக் கவனமாய் எடுத்துவிடுங்கள். ஒடியல் மாவை மட்டும் அப்படியே பாவிக்க வேண்டாம். தண்ணியில் ஊற வைத்து, தெளிந்த தண்ணியை ஊற்றிவிட்டு, மாவைப் பிழிந்து எடுத்த பிறகுதான் கூழுக்கும் பிட்டுக்கும். ஊற வைக்காமல் சாப்பிட்டால் காறல் மட்டுமில்லை, தலைச்சுற்றும் வாந்தியும் வரும்.

16.03.2025

சந்தை. மழை முடிந்து தோட்டங்கள் நிறைய விளைகிற காலம் இது. மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் மரக்கறி குவிந்து கிடக்கிறது. கார்த்திகை மார்கழியில் இதே கத்தரிக்காய்க்கு என்ன விலை கொடுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். வடகம், மோர்மிளகாய், கத்தரி வற்றல் எல்லாம் இந்த வெயிலோடு செய்ய வேண்டியவை. தம்பிக்கு மேல்மாடியும் தட்டையான மொட்டை மாடியும் இருக்கிறது, வளவு இல்லாவிட்டாலும் வெயில் இருக்கிறது. ஒரு சுளகு மோர்மிளகாய் போட அதிக நேரம் போகாது.

திருநெல்வேலிச் சந்தைக்கு வேலை முடிந்து போகிறவர்கள் கீரையையும் தக்காளியையும் மலிவாய் வாங்கலாம், வியாபாரி திரும்பக் கொண்டுபோக விரும்பமாட்டார். ஆனால் அன்றைக்கே சமைக்கிற அளவுதான். மலிவென்று இரண்டு பை வாங்கி ஒரு பையைக் குப்பையில் போட்டால் விலை இரட்டிப்பு.

மீனில் பிள்ளைக்கென்று விளைமீனும் பாரையும்தான் தேடுகிறார்கள். சூடையும் நெத்தலியும் சத்தில் குறைந்தவை இல்லை, முள்ளுக்குள்ளே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, விலை பாதிக்கும் கீழே. சின்ன மீன் வெட்டத்தான் நேரம். அது யாருடைய நேரம் என்று என் கேள்வியை என்னிடமே கேட்கிறார் ஒரு வாசகி. நியாயம். எங்கள் வீட்டில் சூடை வாங்கினால் வாங்கினவர்தான் வெட்ட வேண்டும். என் கணவர் இப்போது நல்லாய் வெட்டுகிறார்.

06.04.2025

சீட்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார் தம்பி. மனைவி வேலை செய்கிற இடத்தில் 20 பேர் சேர்கிறார்களாம், மாதம் 5,000, ஏலச்சீட்டு.

கணக்கைப் பாருங்கள். 20 பேர், 5,000 படி, ஒரு இலட்சம். மூன்றாம் மாதம் அவசரக்காரர் ஒருவர் 25,000 கழிவு விட்டு எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கையில் 75,000. அந்தக் கழிவு 20 பேருக்கும் பிரியும், ஆளுக்கு 1,250, அந்த மாதம் நீங்கள் கட்டுவது 3,750. நல்ல இலாபமாய்த் தெரியும். அவசரக்காரர் விட்ட 25,000தான் மற்றவர்களின் இலாபம், அதன் பெயர் வட்டி. நீங்கள் அவசரக்காரராய் இருந்தால் வட்டி கொடுப்பவர், கடைசி வரை இருந்தால் வாங்குபவர். எப்போது அவசரம் வரும் என்று சீட்டில் சேரும்போது யாருக்கும் தெரியாது.

கடைசி வரை இருப்பவருக்கு இன்னொரு ஆபத்து. முதலே எடுத்தவர்கள் கட்டாமல் விட்டால்? பிடிக்கிறவர் ஊரை விட்டுப் போனால்? எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் மகளின் கலியாணத்துக்கென்று கட்டின காசு அப்படித்தான் போனது. கேட்கப் போக ஒரு கடுதாசி கூட இல்லை. அந்த அம்மா இன்றைக்கும் அதைக் கதைக்கும்போது குரல் தளதளக்கும்.

ஆனாலும் சீட்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மாதாமாதம் கட்டாயமாய் எடுத்து வைக்கிற பழக்கத்தை எங்கள் சனத்துக்குக் கற்றுக் கொடுத்தது சீட்டுத்தான். ஏலம் இல்லாமல் குலுக்கிப் போடும் சீட்டு, ஒரே கந்தோரில் சம்பளம் எடுக்கிற பத்துப் பேர், பத்து மாதம் என்றால் சேரலாம். கட்டினதையும் எடுத்ததையும் எழுதிக் கையெழுத்து வைக்கிற கொப்பி ஒன்று கட்டாயம். ஏலச்சீட்டு 20 பேருக்கு என்றால் என் கருத்து வேண்டாம்.

அதைவிட ஊரிலுள்ள சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கென்று சட்டம் வந்தது, அந்தளவு பழைய ஏற்பாடு. மாதம் சிறு தொகை போட்டு, தேவைக்கு நியாயமான வட்டியில் கடன் எடுக்கலாம். ஆனால் வருடக் கணக்கறிக்கையைக் கேட்டு வாசித்த பிறகு சேருங்கள்.

07.04.2025

சேர்க்க வேண்டிய ஒன்று. உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் ஒருவர் போட்ட வைப்புக்கு, ஒரு நிறுவனத்துக்கு 11 இலட்சம் ரூபாய் வரை மத்திய வங்கியின் காப்புறுதி உண்டு. சீட்டுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அது இல்லை. ஆகவே ஆபத்துக்கென்று ஒதுக்குகிற காசு, மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய காசு, வங்கியில்தான். மற்றதை மற்ற இடங்களில் போடலாம்.

18.05.2025

உப்பு இல்லையாம்! ஆனையிறவு உப்பளத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். மழையில் உப்பு விளைச்சல் கெட்டதால் வந்த தட்டுப்பாடு. இரண்டு பக்கற்றுக்கு மேல் வாங்கி ஒளிக்காதீர்கள், கிடைக்காத வீட்டுக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டும்.

கடையால் வரும்போது ஒழுங்கை நெடுக மதில்தான் கண்ணில் பட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. முந்தி இதெல்லாம் கதியால் வேலி, தடி நட்டுத் தழைக்க விட்ட உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு. கிளுவைக் குழையும் முள்முருக்குக் குழையும் ஆட்டுக்கு, பூவரசங்குழை தோட்டத்துக்குப் பசளை, வெட்டின தடி விறகு, பழைய ஓலை அடுப்புக்கு. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கக் கூலியும் ஓலையும் வேண்டும் என்பது உண்மை. வெளிநாட்டுக் காசு வந்ததும் முதல் வேலையாய் மதில் கட்டினோம். இலட்சக்கணக்கில் போட்ட மதில் ஒரு குழையும் தராது. வீட்டைச் சுற்றிக் காற்றும் நின்றுவிட்டது, பகலிலும் விசிறி ஓடுகிறது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு அனுப்புகிறவர்கள் இதை வாசித்தால், பின்பக்க வேலியையாவது கதியாலாய் விடச் சொல்லுங்கள்.

15.06.2025

12ஆம் திகதியிலிருந்து கரண்ட் 15 வீதம் கூடிவிட்டது. தையில் குறைந்தபோது வித்தியாசத்தை ஒதுக்கச் சொன்னேன், நினைவிருக்கும். ஒதுக்கினவர்களுக்கு இப்போது நெஞ்சு திக்கென்று இருக்காது.

தம்பி எழுதியிருக்கிறார்: பங்குனியிலிருந்து 60க்குள் நிற்கிறார்களாம். அயனைக் கிழமைக்கு ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை, அவர் செய்கிறார். ரைஸ் குக்கரை விட்டுவிட்டு, அரிசியை அரை மணித்தியாலம் ஊற வைத்துக் காஸில் கொதிக்க விட்டு, மூடி இறக்கித் தடித்த துணியால் சுற்றி வைக்கிறார்களாம், சோறு தன்பாட்டில் வெந்துவிடுகிறது. தேங்காய் கிழமைக்கு நாலு. கடைக் கொப்பி இன்னும் இருக்கிறது, ஆனால் 26ஆம் திகதிக்குப் பிறகுதான். எனக்கு உண்மையாய்ச் சந்தோசம்.

13.07.2025

மிஞ்சி வருகிற காசு போகிற பெரிய வழி ஒன்று இருக்கிறது, கதைத்தால் கோபிப்பார்கள். சாமத்தியவீடு (பெண் பிள்ளை பெரியவளானதற்கு வைக்கிற விழா), பிறந்தநாள், குடிபூரல். மண்டபம், வீடியோ, ட்ரோன், பிள்ளைக்கு ஆறு உடுப்பு மாற்றல். அதற்கு நகையை அடைவு வைக்கிறார்கள். பவுன் இரண்டு இலட்சத்தைத் தாண்டி நிற்கிற நேரத்தில் அடைவில் கூடக் காசு தருகிறார்கள், மீட்கவும் கூடக் காசு வேண்டும் என்பதை எடுக்கும்போது யோசிப்பதில்லை.

எங்கள் மகளுக்கு நாங்கள் வீட்டோடு செய்தோம். பால் அறுகு வைத்து, மச்சாள்மார் ஆரத்தி எடுத்து, முற்றத்தில் பாய் போட்டுச் சாப்பாடு. முகம் சுழித்தவர்களும் இருந்தார்கள். மற்ற வீட்டுக்குப் போகும்போது என்வலப்பில் எங்களால் முடிந்ததை வைக்கிறோம், அங்கே கொடுத்ததை எழுதி வைத்துத் திரும்ப எதிர்பார்ப்பதில்லை. இதில் என் மனம் உறுதி. நகை செய்து சேமிக்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு சொல்: செய்கூலியும் சேதாரமும் கடையில் விட்டுவிட்டு வருகிற காசு. சேமிப்புக்கென்றால் வேலைப்பாடு இல்லாத காப்பும் நாணயமும் போதும்.

03.08.2025

நல்லூர்க் கோயில் திருவிழா தொடங்கிவிட்டது, 25 நாளும் பிள்ளையைக் கூட்டிப் போனால் ஐஸ்கிறீமும் விளையாட்டுச் சாமானும் எவ்வளவு என்று கேட்கிறார்கள். போங்கள். வீட்டிலிருந்து தண்ணிப் போத்தலும் கச்சானும் கொண்டு போங்கள். எந்த நாள் ஐஸ்கிறீம் என்று பிள்ளையிடம் முதலே சொல்லிவிடுங்கள், தேர் அன்றைக்கு என்று எங்கள் வீட்டில் வழக்கம். சொன்ன நாளில் மறக்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

10.08.2025

தம்பியின் கேள்வி: மனைவி வோஷிங் மெஷின் கேட்கிறார். தவணைக்குத் தருகிறார்கள். இவ்வளவு நாள் பிடித்த சிக்கனத்துக்கு அது எதிரா?

வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேல்மாடியில் குந்தியிருந்து மூன்று பேரின் உடுப்பைத் தோய்க்கிறவரின் நேரம் கணக்கில் வராமல் இருந்தது, இப்போது வருகிறது. சுடுதண்ணி போடாமல் ஓட்டினால் ஒரு தரத்துக்குக் கால் யூனிட் அளவு. கிழமைக்கு மூன்று தரம் என்றாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட். நீங்கள் 60க்குள் நிற்க மற்றப் பாவனை 56க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தவணை வேண்டாம். ஏடிஎம் அட்டை இல்லாத புத்தகத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஆபத்துக் காசைத் தொடாமல், கரண்டிலும் தேங்காயிலும் பிடித்ததை மட்டும் எண்ணுங்கள். காணாவிட்டால் தீபாவளி வரைக்கும் பொறுங்கள், அந்த நேரம் கழிவும் போடுவார்கள். மேலிருந்து உடுப்புப் போடுகிறதை வாங்குங்கள். மேல்மாடித் தாங்கியிலிருந்து தண்ணி வருகிற வேகம் காணுமா என்று வாங்கமுதல் வாளி வைத்துப் பாருங்கள். கல்நீர் என்றபடியால் தண்ணி உள்ளே போகிற இடத்துச் சல்லடையை மாதத்துக்கு ஒரு தரம் கழற்றித் தேசிக்காய்த் தண்ணியில் ஊறப் போட வேண்டும். அந்த வேலை உங்களுக்கு.